ரப்பர் வளையத்துல ஒத்த இழை

நான் கழுவுறவ. பாத்திரமில்ல, துணியில்ல. தண்ணிக்குள்ள போற மெஷினக் கழுவுறவ.

நகரியில எங்க நைனா வூட்ல பவர்லூமு. கல்யாணமாகி வரதய்யபாளையம் பக்கம் வந்தப்ப, அங்க சுத்தி கம்பெனிங்க மொளைச்சிக்கினு இருந்த காலம். என் வூட்டுக்காரரு முக்குளிக்கிற ஆளு. மதகு, தண்ணித் தொட்டி, கெணறு, எங்க அடைச்சிக்கினாலும் உள்ள போயி பாத்துட்டு வருவாரு. அவுரு வேல செஞ்ச கான்ட்ராக்டர் ஒருநாளு மஞ்சக் கலர்ல ஒரு மெஷின் வாங்கியாந்தாரு. பொட்டி மாதிரி இருக்கும். முன்னால கேமரா, லைட்டு, பக்கத்துல சின்னச் சின்ன ஃபேனு, பின்னால நீட்டு ஒயரு. கரையில ஒக்காந்து ஓட்டுனா அது அடிக்குப் போயி படம் காட்டும். ஆளு எறங்க வேணாம்.

அத்தக் கழுவித் தொடைக்கிற வேலய நானாத்தான் கேட்டு வாங்கினேன். ஏன்னு கேக்குறீங்களா? அது நல்லா இருக்குற வரிக்கும் என் புருஷன் தண்ணிக்குள்ள போவத் தேவையில்ல. அதுக்குத்தான்.

ஒவ்வொரு தபா வேல முடிஞ்சி வந்ததும் நல்ல தண்ணி ஊத்தி சேறு போவ அலசணும். ஃபேன்ல சுத்திக்கினு இருக்குற பாசி, தூண்டில் நரம்பு எல்லாத்தையும் ஊசியால நோண்டி எடுக்கணும். அப்பறம் கேமரா இருக்குற டப்பாவத் தொறக்கணும். அதோட மூடியில கறுப்பா ஒரு ரப்பர் வளையம். தண்ணி உள்ள வராம தடுக்கிறது அது ஒண்ணுதான். அத்தக் கழட்டி, தொடச்சி, வெரல் நுனியில கிரீஸ் தடவி, மறுபடி மூடியில இருக்குற காடிப் பள்ளத்துல ஒக்கார வெக்கணும். ஒரு தலமயிரு குறுக்க கெடந்தாலும் தண்ணி வழி கண்டுபுடிச்சிடும்னு மெஷின் ஓட்டுற இன்ஜினியரு சொல்லிக்கினே இருப்பாரு. திருப்பதிக்காரரு, பேச்செல்லாம் தெலுங்கு. தொடைக்கிறதுக்குன்னே தூசு விடாத துணி பாக்கெட்டுல வரும். வேற எதுவும் தொடக்கூடாது.

ஒரு வாரம் அந்தத் துணிப் பாக்கெட்டு காலி. கேட்டா வருது வருதுன்னாங்க. நைனா வூட்ல தறிக்குப் பக்கத்துல எப்பவும் கோணி நெறைய கழிவு நூலு இருக்கும். எண்ணெக் கையத் தொடைக்க, தறியத் தொடைக்க, எல்லாத்துக்கும் அதுதான். தறிக்காரங்க வூட்ல பொறந்தவளுக்கு அதவிட மெத்துனு, அதவிட சுத்தம்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாது. ஒரு பை கொண்டாந்து வெச்சிருந்தேன். அதால தொடச்சேன். மூடிட்டு, பம்பு வெச்சி காத்த உறிஞ்சிட்டுப் பாத்தா மீட்டர்ல முள்ளு அசையல, எங்கயும் கசிவு இல்லன்னு அர்த்தம். நம்ம கைக்கு எவ வருவான்னு நெனச்சிக்கினேன். திமிரு, வேற இன்னா.

மறுநாளு மலையடிவாரத்துல ஒரு ரிசர்வாயரு. மெஷினோட நானும் என் புருஷனும் போயிருந்தோம். மதகுக் கதவு ஒரு சாண் தொறந்தபடிக்கு மாட்டிக்கினு, மூடவும் வரல, தூக்கவும் வரல. கீழ பயிரெல்லாம் முழுவுதுன்னு ஜனங்க நின்னுக்கினு இருந்தாங்க. மெஷின எறக்கினாங்க. பாதி ஆழத்துல படம் நடுங்கிச்சி, அப்டியே செத்துடுச்சி. மேல இழுத்தா கண்ணாடிக்குள்ள தண்ணி தளும்புது. "நீள்ளு வச்சேசாயி" ன்னு இன்ஜினியரு தலயில கை வெச்சிக்கினாரு. தண்ணி பூந்துடுச்சி.

எல்லாரும் என் புருஷன் மூஞ்சியப் பாத்தாங்க. அவுருக்கு ரெண்டு நாளா சளி. சளியோட ஆழத்துக்குப் போனா காது போயிடும்னு எனக்கே தெரியும். அதுலயும் அந்த ஒரு சாண் சந்து இழுக்குற இழுப்புல கையக் காலக் குடுத்தா ஆளயே உறிஞ்சிக்கும்.

"வேணாங்க, வேற ஆளக் கூட்டியாரட்டும்" னு கையப் புடிச்சேன்.

"நான் பாக்காத மதகாமே? நீ போயி டீ குடி" ன்னு இடுப்புல கயிறக் கட்டிக்கினு எறங்கிட்டாரு.

டப்பாவத் தொறக்கச் சொன்னாரு இன்ஜினியரு. தொறந்தேன். வளையத்து மேல குறுக்கால வெள்ளையா ஒத்த இழை. எங்க நைனா வூட்டு நூலு. அவுரு குனியறதுக்குள்ள அத்த எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கினேன்.

கயிறு ரெண்டு தபா இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். இழுக்கல. பாத்துக்கினே நிக்கிறேன், இழுக்கல. ஏழுமலையானே, என் தலமயிரு மொத்தத்தையும் எடுத்துக்கோ, தாலிய வுட்டுடுன்னு கெஞ்சறேன். அந்த நூல வாயில போட்டு முழுங்கிடலாமான்னு தோணுது. அதே தண்ணியில நானும் குதிச்சிடலாமான்னு தோணுது. பாவி, பாவின்னு மாருல அடிச்சிக்கினேன். எதுக்கு அடிச்சிக்கிறேன்னு அங்க யாருக்கும் தெரியாது.

மதகுல சிக்கிக்கினு இருந்த ஒரு பனங்கட்டை மொதல்ல மெதந்து வந்துச்சி. அப்பறம் அவுரு வந்தாரு. எடது காதுல ரத்தம்.

அந்தக் காது திரும்ப வராதுன்னுட்டாரு டாக்டரு. இனிமே முக்குளிக்கவும் கூடாதாம். வளையம் பழசாயிருக்கும்னு இன்ஜினியரு தூக்கிப் போட்டாரு. வேண்டிக்கினபடி திருப்பதி மலைக்குப் போயி மொட்டையடிச்சிக்கினு வந்தேன். "எனக்குக் காது போச்சி, உனக்கு ஏன்மே மயிரு போவணும்?" னு கேலி பண்ணாரு. சிரிச்சேன். சிரிச்சிட்டு பின்பக்கம் போயி அழுதேன்.

இப்ப அவுரு ஒரு கம்பெனி கேட்டுல வாச்மேன். நான் இன்னமும் மெஷின் கழுவறேன். சாயங்காலம் அவுரு டிவி பாக்கும்போது எடது பக்கமா ஒக்காந்து, "அந்த நூலு என்னுதுங்க, நாந்தான் தொடச்சேன்" னு சொல்வேன். எத்தினியோ தபா சொல்லிட்டேன்.

போன வாரம் என் ஒதடு அசையறதப் பாத்துட்டாரு. "இன்னாமே சொல்ற? இந்தப் பக்கம் வந்து சொல்லு" ன்னு நல்ல காதத் திருப்பினாரு.

எழுந்து அந்தப் பக்கம் போனேன். "சோறு ஆறுது, துன்ன வாங்க" ன்னேன்.