சவுதிக்குப் போகவிடாத சென்னாக்குன்னிப் பொடி

கல்யாணமான புதிதில் சவுதிக்குப் போகவேண்டிய நான் போகவில்லை. பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருந்தது, பெட்டிகூட வாங்கியாயிற்று. என்னை நிறுத்தியது ஒரு பொடி.

குண்டு மிளகாய் வறுபடும் நெடி...

மண்டபம் என்ற கடலோர ஊரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அடுப்படிக்கென்று தனிச் சுவர் கிடையாது. என் மனைவி சபுரா மிளகாயைச் சட்டியில் போட்டதும் நான் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடுவேன். அவள் முக்காட்டை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு அசராமல் கிண்டுவாள்.

அப்போது நான் கருவாடு வாங்கி விற்கும் சில்லறை வியாபாரி. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. சென்னாக்குன்னி, அதாவது காய்ந்த பொடி இறால், எப்போதும் விற்காமல் மிஞ்சும். அதையே பொடியாக இடித்துப் பொட்டலம் போட்டால் என்ன என்று கேட்டவள் சபுராதான்.

சுலபமான சமையல். சென்னாக்குன்னியை மணல் போகப் புடைத்து வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுக்க வேண்டும். மிளகாய், தேங்காய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு. எல்லாவற்றையும் வறுத்து இடித்தால் முடிந்தது.

சுலபம் என்றுதான் இறங்கினோம். முதல் தடவை தேங்காயில் ஈரம் நின்று, பொடி சிக்கு வாடை அடித்தது. அடுத்த தடவை புளி தூக்கலாகிப் பல் கூசியது. அதற்கடுத்து பூண்டைத் தோலோடு வறுத்தாள் பாருங்கள்... பக்கத்து வீட்டு மாமி, என்ன ஆக்குறிய என்று கேட்டுக்கொண்டு கிண்ணத்தோடு வந்துவிட்டார். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, சபுரா எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று உருட்டினாள். பானை காலி.

என்னிடம் கருவாடு எடுக்கும் மதுரை மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் பொட்டலம் கொடுத்துவிட்டேன். நன்றாகப் போனால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். அது நடந்தால் நான் சவுதிக்குப் போகவேண்டியதில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.

பத்து நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது. பொடி சப்பென்று இருக்கிறதாம், உப்பே இல்லையாம்.

விலையைக் குறைக்க வியாபாரி இப்படித்தான் பேசுவான். நானே பேசியிருக்கிறேன். இருந்தாலும் வீட்டில் மறுபடி சோறு வடித்துப் போட்டுப் பார்த்தோம். உப்பு கச்சிதம்.

ஏஜென்ட் அவசரப்படுத்தினான். சவுதிக்கே போய்விடுகிறேன் என்றேன். சபுரா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வாப்பாவ நான் லீவுலதான் மச்சான் பாத்திருக்கேன். வந்த மனுசர் யாருன்னு பழகுறதுக்குள்ள பெட்டி கட்டிருவாக. எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கும் அதே பொழப்பா?"

விடிந்ததும் மதுரைக்கு பஸ் ஏறினேன், சண்டை போடுகிற முடிவோடு.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. "தம்பி, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று மாடியிலிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டார். வெள்ளைச் சோறு, மேலே என் பொடி. ஒரு வாய் வைத்தேன். மண்ணைத் தின்பது போலிருந்தது.

பொடி படாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தேன். பொடியில் மாற்றமில்லை. மாறியிருந்தது சோறு.

மண்டபத்தில் குடிக்கத்தான் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்குவோம். சோறு வடிப்பதெல்லாம் கிணற்றுத் தண்ணீரில். அது கரிக்கும். எங்கள் சோற்றிலேயே பாதி உப்பு இருக்கிறது. அந்தச் சோற்றைப் போட்டுப் போட்டே பொடிக்கு உப்புப் பதம் பார்த்திருக்கிறோம்!

திரும்பி வந்து சொன்னதும் சபுரா சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. பிறகு குடிக்கிற தண்ணீரில் சோறு வடித்தாள். அந்த வீட்டில் அது ஆடம்பரம். தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள், நான் தின்று பார்த்துத் தலையாட்டுவேன்.

"ஒங்க நாக்கு மண்டபத்து நாக்கு, அத நம்ப ஏலாது" என்று என் தட்டிலிருந்தே எடுத்து அவளும் தின்று பார்ப்பாள். உதடெல்லாம் எரிந்தது. அவள் நெற்றியில் மிளகாய்த் தூள் ஒட்டியிருந்தது, நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது...

மதுரைக்காரர் அந்தப் பொடியை எடுத்துக்கொண்டார். நான் போய் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்தேன்.

இன்றைக்கு ராமநாதபுரத்தில் சொந்த யூனிட். மெஷின் வறுக்கிறது, மெஷின் அரைக்கிறது, உப்பைத் தராசு பார்த்துக்கொள்கிறது. வீட்டிலும் பெரிய கிச்சன், சிம்னி வைத்தது. இருமல் வருவதில்லை. அந்தக் கிச்சனில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்றே தெரியவில்லை. சென்னை, பெங்களூர், கோலாலம்பூர் என்று நான் எங்கேயாவது இருக்கிறேன். சம்பாதித்ததில் வருத்தமில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஹோட்டல் அறையில் தனியாகச் சாப்பிடும்போது, என் தட்டில் கைவிட்டுத் தின்று பார்க்க ஆள் இல்லையே என்று இருக்கும்.

போன வாரம் மலேசியாவிலிருந்து வந்து இறங்கினேன். சபுரா சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க சவுதிக்கே போயிருக்கலாம் மச்சான். லீவுன்னு வந்தா ரெண்டு மாசம் முழுசா வீட்டுல இருந்திருப்பிய."

கோபமில்லை அவளுக்கு. அதுதான் உறைத்தது.

சரி, உனக்கு என்ன வேண்டும் என்றேன். ரெண்டு மாசம் லீவு என்றாள். பதினைந்து நாள் என்றேன் நான், பழக்க தோஷம்.

"கருவாட்டுக்கா வெல பேசுறிய?" என்றாள்.

பேசி முடித்தது இதுதான். வருஷத்தில் ஒரு மாசம் முழுசாக வீட்டில். நோன்பு மாசம் அந்தக் கணக்கில் சேராது. அந்த ஒரு மாசமும் என் போன் மகன் கையில் இருக்கும், வியாபாரத்தை அவன் பார்த்துக்கொள்வான். சமையல் பாதிக்குப் பாதி, சட்டி கழுவுவது என் பொறுப்பு. அட்வான்ஸாக இந்த வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில், அடுப்படியில் இரண்டு பேரும்.