ஸ்பீக்கர் காயும் வரை

திருச்சி வானொலி நிலையத்துக்குப் போய், அப்பாவின் தங்கையான என் அத்தை பாடிவிட்டு வந்த பாட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒலிபரப்பாக இருந்தது. அன்று காலையில்தான் எங்கள் ரேடியோ, பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியது.

அப்பா பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த துணி விளிம்பில் பசை காய்ந்து உதிர்ந்து, ஓரிடத்தில் துணியே சட்டத்தை விட்டுப் பெயர்ந்திருந்தது.

"டீக்கடையில கேட்டுக்கலாமே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வயசுப் பொண்ணு அங்க போயி நிக்க முடியுங்களா? அது பாட்ட அது கேக்க வேணாமா?" என்றார் அப்பா.

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பெட்ரோல் விட்டு இளக்கினார். தடிமனாகப் பூசினால் விளிம்பு விறைத்துக் குரல் அமுங்கிவிடும். ஒரு சொட்டு நடுவிலுள்ள கம்பிச்சுருளில் இறங்கினாலோ ஸ்பீக்கரே ஊமை. இதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு குச்சியில் பசையைத் தோய்த்து எடுத்தார். முதல் சொட்டு கூம்பில் விழுந்து நடுவை நோக்கி வழிந்தது.

"ஐயோ அண்ணே!"

அம்மா முந்தானை நுனியால் அதை ஒற்றி எடுத்தாள். "தள்ளுங்க, நான் பூசறேன்."

பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அம்மா. மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றி வந்தாள். அப்பா மட்டும் "மெல்லிசா, மெல்லிசா" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

பிறகு காத்திருந்தோம். தூசி வருமென்று கதவைச் சாத்திவிட்டார்கள். அத்தை சோற்றைத் தொடவில்லை. அப்பா விரல் நுனியை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் பசை கூடவே வந்தது.

"இன்னும் ஒட்டுதா?"

"ஒட்டுது."

நேரம் நெருங்கியதும் துணிந்து ஸ்பீக்கரை மாட்டி ரேடியோவைத் திருகினார். வால்வு சூடாகும்வரை சத்தமே இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, பாதி வரியிலிருந்து, அத்தையின் குரல் எழுந்தது. உச்சத்தில் ஓரிடத்தில் லேசாக அதிர்ந்தது. அவ்வளவுதான். அத்தை ரேடியோவைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் நான் கேட்டேன்: "அத்தை, அடுத்த வாரம் என்ன பாட்டு?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா திருப்புளியை எடுத்து, ஏற்கெனவே முடுக்கிய ஆணியையே மறுபடி முடுக்கினார்.

பெண்ணாடத்திலிருந்து வந்து அத்தையைப் பெண் பார்த்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.