பதினேழாம் ரூம் குடும்பம்

தலைவலி என்று போனால், தேவகனி சிஸ்டர் நெற்றியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார். "நேத்து என்ன சாப்ட்டிய? யாரு சமைச்சா? கூட யாரு இருந்து சாப்ட்டா?" பதிலை நீல நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் மாத்திரை. "தலைவலிக்குப் போனா பொண்ணு குடுக்க வந்தவுக மாதிரி விசாரிக்கிறாக" என்று சாரம் கட்டும் கார்மேகம் வெளியே வந்து சொல்வார். மறுபடி தலைவலி வந்தால் முதல் ஆளாக அங்கேதான் நிற்பார்.

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் தொழிலாளர் கேம்பின் கிளினிக் ஒரு தகரக் கேபின். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஆயிரத்து இருநூறு ஆண்களுக்கும் சிஸ்டர்தான். ஊர் உவரி, வயது நாற்பத்திரண்டு. நடந்துகொண்டே பேசுவார். பின்னால் வருபவர் ஓடிக்கொண்டே கேட்கவேண்டும். ஸ்டோர்கீப்பரான நான் பஞ்சும் பிளாஸ்திரியும் கொண்டுபோகும்போதெல்லாம் அப்படி ஓடித்தான் அவர் கதையைத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்க நர்ஸ் பரீட்சையில் தேறி, விசா வரிசையில் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறார். சும்மா காத்திருக்க அவருக்கு வராது. அதனால் இந்த 2009-இல் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணையம் வழியே நர்ஸிங் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். பாடமெல்லாம் இங்கிருந்தே படிக்கலாம். நோயாளிகளிடம் பெறும் பயிற்சி அங்கே போன பிறகு. முடித்தால் ஃபேமிலி நர்ஸ் பிராக்டீஷனர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒரு குடும்பத்தையே தாமே பரிசோதித்து மருந்து எழுதலாம்.

"அப்ப டாக்டராயிருவீகளா?" என்று கார்மேகம் கேட்டார்.

"டாக்டர்னு கூப்பிடுவாவ. ஆனா நர்ஸுதான்."

"ஊசி யாரு போடுவா?"

"நாந்தான் போடுவேன்."

கார்மேகத்தின் முகம் வாடிவிட்டது.

வகுப்பு இங்கே காலை ஐந்து மணிக்கு. அங்கே முந்தின நாள் இரவு எட்டு. கேமராவுக்குத் தெரியும் வரை இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், அதற்குக் கீழே நைட்டி. ஆறரைக்குக் கிளினிக்கைத் திறக்கும்போது தலைமுடியில் ஹெட்போன் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கும்.

நவம்பரில்தான் சிக்கல் வந்தது. ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் யார் யாருக்கு என்ன நோய், யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதவேண்டும். கேம்பில் ஆயிரத்து இருநூறு பேர் உண்டு, ஒரு குடும்பம் கிடையாது. சர்ச்சில் பழக்கமான ரினி தன் வீட்டுக்கு வரச் சொன்னார். சிஸ்டர் போகவில்லை. "அவ வீட்ல நாலு பேரும் கல்லு மாதிரி இருக்காவ. எனக்குத் தெரிஞ்சது இந்த ஆளுவளத்தான்" என்றார். கார்மேகம் இருக்கும் பதினேழாம் ரூமின் எட்டுப் பேரைப் பற்றி எழுதி அனுப்பினார்.

கட்டுரை திரும்பி வந்தது. இது தங்குமிடம், குடும்பம் அல்ல, பத்து நாளில் வேறு எழுதுக என்று பேராசிரியை குறிப்பு எழுதியிருந்தார். தவறினால் அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் முதலிலிருந்து படிக்கவேண்டும். இரண்டு நாள் சிஸ்டர் மெதுவாக நடந்தார், பேசவே இல்லை. கேம்பே கவலைப்பட்டது.

வெள்ளிக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பதினேழாம் ரூமுக்குப் போனார். செய்தி தெரிந்து எட்டுப் பேரும் தரையைக் கழுவி, சட்டை மாற்றி, கட்டில்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒங்களுக்குச் சொகமில்லேன்னா மொதல்ல யாருக்குத் தெரியும்?" என்று கார்மேகத்திடம் கேட்டார்.

"அழகுமல அண்ணனுக்கு. சோத்த மிச்சம் வச்சாக் கண்டுபிடிச்சுருவாரு. எனக்குச் சுகர் வந்ததுலருந்து சீனி டப்பாவப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறாரு, சிஸ்டர்."

"வீட்டம்மாவுக்குச் சுகர் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு? போன்ல நல்லாருக்கேன்னு சொல்றதுதான்."

ரூமுக்குச் சமைக்கும் அழகுமலைக்கு ஐம்பத்தொரு வயது. அவரை யார் கவனிக்கிறார்கள் என்று சிஸ்டர் கேட்டார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர். மற்ற ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு மாசமாப் படி ஏறுனா நின்னு நின்னு வர்றாரு" என்று மேல் கட்டிலிலிருந்து வீரபாண்டி சொன்னார். சிஸ்டர் அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்தார். மறுநாளே அழகுமலையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நல்ல வேளை, மாத்திரையோடு போயிற்று. அதை வேளை தவறாமல் கொடுப்பது கார்மேகத்தின் பொறுப்பு.

இதையெல்லாம் சேர்த்து, அதே ரூமைப் பற்றியே மறுபடி எழுதினார். வகுப்பில் நடந்ததை அவர் சொல்ல நான் ஓடிக்கொண்டே கேட்டேன்.

"பொண்டாட்டிக்குத் தெரியாத சுகரு இந்த ரூமுக்குத் தெரியும். அப்ப பத்தியத்த நான் யாருட்டச் சொல்லிக்குடுக்கணும், அத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். அந்தம்மா ஒண்ணும் பேசல. நெட்டு போயிட்டோன்னு நெனச்சேன்."

நெட் போகவில்லை. கட்டுரை ஏ மைனஸ் வாங்கிற்று.

"மைனஸு எதுக்கு?"

"இங்கிலீசு எலக்கணமாம்."

பதினேழாம் ரூமில் அன்று கோழி பிரியாணி. தங்கள் ரூம் அமெரிக்காவில் பாஸாகிவிட்டதாகக் கார்மேகம் மெஸ் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை காலை பஞ்சுப் பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாங்கி அழைத்துவந்தவரை, ஒருத்தர் மட்டும்தான் என்று வாட்ச்மேன் வாசலில் நிறுத்தியிருந்தார். சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "நீங்க ரூம்காரரா? உள்ள வாங்க" என்று சொல்லி, தாம் உட்காரும் நாற்காலியை மேசைக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு நின்றபடியே நோட்டைத் திறந்தார்.