தயிர் காய்ந்த முதுகு

தயிர் காயும்போது தோலை மெல்ல இழுத்துப் பிடிக்கும். கூடவே ஒரு புளித்த வாசம் எழும். அம்மா இறந்த பிறகு வந்த முதல் கோடை எனக்கு அந்த வாசமாகத்தான் நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினோரு வயது. செம்பாக்கம் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அவர் ஆபீஸ் கிளம்பியதும் நான் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். "உச்சி வெயில்ல சுத்தாதடி" என்று கூப்பிட ஆளில்லை. வெயில் சுடுவதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கடலோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் மல்லிகா அக்காதான் கன்றிச் சிவந்த என் தோளைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா சார், பொண்ணு தோலு வெந்து போயி கீது, நீ பேப்பர் படிச்சிகினு கீற? பச்சத் தண்ணி ஊத்து, அப்பால தயிர் தடவு. தேச்சிடாத, தோலு கையோட வந்துரும்."

அப்பா முதலில் ஸ்பூனால் தடவினார். தயிர் இடுப்புவரை வழிந்ததும் ஸ்பூனை வைத்துவிட்டு விரலால் தடவினார். அம்மா போன மூன்று மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

"எரியுதாம்மா?"

"தெரியலப்பா."

விரல் நின்றது. "எனக்கும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார்.

பள்ளி திறக்குமுன் என்னைப் பொழிச்சலூரில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாக முடிவு செய்திருந்த அத்தை, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். என் துணிப்பை கட்டி வைத்தபடி மூலையில் இருந்தது.

"பொம்பளப் புள்ளைய வச்சுக்கற லட்சணமாடா இது?"

"தப்புதான்க்கா. ஆனா அவ இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா, கையில் தயிர்க் கிண்ணத்தோடு. அத்தை அவர் விரல்களில் ஒட்டியிருந்த தயிரைப் பார்த்தார்; பிறகு பையைத் தானே பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அப்பா லீவு போட்டார். தினமும் பச்சைத் தண்ணீர், தயிர், சில நாள் வெள்ளரிக்காய். தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, புதுத்தோலில் சோப்பு பட்டதும் "எரியுதுப்பா" என்று குளியலறையிலிருந்து அலறினேன். "எரியுதா? நிஜமாவா?" என்று கதவுக்கு வெளியே அப்பா கேட்டார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி என்று வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கியது.

இன்று ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள். மல்லிகா அக்கா வருவதில்லை. மீன் போனில் சொன்னால் வந்துவிடுகிறது. அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. வெயிலில் கிளம்புமுன் நானே கிரீம் பூசிக்கொள்கிறேன். முதுகின் நடுவே கை எட்டாது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.