வசந்தாமணி அக்காவின் உப்புத் தொட்டி

என் அக்கா வசந்தாமணிக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்று முழுக்கப் பட்டினி கிடப்பாள். அப்படிப்பட்டவளை நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரருக்குப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள் எங்கள் வீட்டு மகான்கள். மோகனூர் ரோட்டில் வீடு, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக முட்டைக்கோழி ஷெட்டுகள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எச்ச நாற்றம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். ஈக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேலத்திலிருந்து போகும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் காரை விட்டு இறங்குவேன். அவள் அங்கேயே குடித்தனம் செய்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பல் டாக்டரிடம் போன இடத்தில் கடல் பவளத்தை உயிரோடு வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறாள். நீல விளக்கின் கீழ் பொத்தான் பொத்தானாக விரிந்து கிடந்த பவளங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லையாம். “அந்த ஊட்டுல நாறாத எடமா எனக்குன்னு ஒன்னு வேணும் கண்ணு” என்றாள் என்னிடம். அவள் வீட்டுக்காரர் அர்த்தநாரி மாமா வாங்கிக் கொடுத்தார். அதைக் குறை சொல்லக் கூடாது. முன்னறையில் வைத்து, ஈ நுழையாமல் கதவைச் சாத்தி, அதன் முன்னால் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாள்.

அதற்குள்ளும் வந்தது பாசி. குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும் முடிக்கற்றை பச்சையாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. வழவழவென்று பவளங்களின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவை விரிய முடியாமல் சுருங்கிப் போயின. அவளும் சரியாகச் சாப்பிடாமல் சுருங்கினாள்.

பிறகு எங்கெங்கோ விசாரித்து, போனில் வீடியோ பார்த்து, மருந்துக் குளியல் போடக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை நானே பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்து, காயம் கழுவும் பெராக்சைடை அளந்து ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு, பவளம் ஒட்டிய கல்லை அதில் முக்கினாள். புஸ்ஸென்று நுரைத்தது. நுரைக்குள்ளிருந்து நெளிந்துகொண்டு வந்தது ஒரு சிவப்புப் புழு, உடம்பெல்லாம் மயிராக. காலையில் தின்ற பணியாரம் எனக்குத் தொண்டைக்கே வந்துவிட்டது.

“கைய வெச்சறாத, முள்ளு ஏறிக்கும்” என்று சொல்லி, இடுக்கியால் அதை எடுத்து அப்பால் போட்டாள். ஈ விழுந்த டம்ளரையே தூக்கி எறிகிறவள்! கல்லைப் பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப உள்ளே வைத்தாள். ஒரு தடவைக்கு ஒரு கல்தான். மருந்து கொஞ்சம் கூடினாலும் பவளம் வெந்துபோகுமாம். சில நாளில் அந்தக் கல்லில் பாசி வெளுத்து உதிர்ந்தது. பவளம் விரிந்ததைக் காட்ட எனக்கு வீடியோ கால் போட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. நான் பார்க்க அவள் கல்லை முக்கிய அன்றே, நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்புள்ள, கோழிக்குச் சீக்குன்னா ஒவ்வொன்னாப் புடிச்சா மருந்து ஊத்தறோம்? தண்ணியில கலந்து உட்டா ஷெட்டுக்கே ஆச்சு” என்றார்.

“இது கோழி இல்லீங்க. தொட்டிக்குள்ளார எதையும் போட்றாதீங்க” என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக அக்கா சேலம் வந்து என் வீட்டில் தங்கினாள். கிளம்புகிற அன்று மாமா எனக்குப் போன் செய்தார். “உங்கக்காவுக்கு ஒரு வேலய மிச்சம் பண்ணி வெச்சிருக்கறேன். வந்து பாக்கச் சொல்லு சாமி.” அக்காவிடம் சொன்னேன். “தொட்டியிலதான் கைய வெச்சிருப்பாரு” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

முன்னறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. செத்த கோழியை வெயிலில் போட்டாலும் அப்படி நாறாது. கிணற்றுப் பாசிக்குப் போடும் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் இறக்கியிருந்தார் மனிதர். பாசி செத்திருந்தது, எல்லாமே செத்திருந்தது. பவளங்கள் சளியாகக் கரைந்து கல்லில் வழிந்தன. பாசி தின்ன அவள் விட்டிருந்த நத்தைகள் ஓட்டுக்கு வெளியே தொங்கின. பொந்துகளிலிருந்து வெளியே வந்த அந்த மயிர்ப் புழுக்கள் ஊதி மிதந்தன. வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

“பாசி சுத்தமாப் போயிருச்சு பாரு புள்ள. நாத்தம் நாளைக்கே போயிரும். செத்தது செத்துது, வேற வாங்கி உட்டுக்கலாம்” என்றார் மாமா. மயில்துத்தம் ஊறிய அந்தக் கல்லில் இனிப் பவளம் பிழைக்காது என்பது அக்காவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. என்ன மனிதர் இவர் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா அழவில்லை. கையுறை போடாமலே ஒரு கல்லைத் தூக்கினாள். விரலிடுக்கில் சளி ஒழுகியது. மாமா அவள் தோளில் கை வைத்தார். அவள் விலகி நின்றாள்.

“இத்தன வருசமா உங்க சட்ட நாறுச்சுங்க, தொவைச்சுப் போட்டேன். உங்கள ஒரு நாளும் அருவருத்ததில்ல. இன்னிக்குத்தானுங்க உங்களக் கண்டா அருவருப்பா இருக்குது.”

மாமா அவள் தோளிலிருந்து நழுவிய கையை மெல்லத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.