பல் கட்டுகிறவர் கட்டிய அலகு

எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட பிறகு, யாரையும் கேட்காமல் உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தது ஓர் இருவாச்சிப் பறவை மட்டும்தான். கறுப்பும் வெள்ளையுமாக, சேவலைவிடப் பெரியதாக, மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வைத்து ஒட்டியதுபோல் இருக்கும். மலாய்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அதை எங்காங் என்றுதான் சொல்வோம். காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த பப்பாளி மரத்துக்கு வரும். கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் பழத்தைக் குடைந்து தின்றுவிட்டுப் போய்விடும். பேர் கொடுக்காமல் வந்துபோக அதற்கு மட்டும்தான் அனுமதி என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். கோல சிலாங்கூருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டி இருந்தது எங்கள் தோட்டம். காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை செய்தார்கள். பெரியவர்களுக்கு அது பயந்து பயந்து கழித்த காலம். எட்டு வயதான எனக்கோ, கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்கள் வேடிக்கை பார்க்கக் கிடைத்த புது மனிதர்கள், அவ்வளவுதான்.

அம்மாவும் அப்பாவும் வெட்டுக்குப் போனதும் அடுத்த வீட்டு அத்தைதான் எனக்கு எல்லாம். அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லாதவள். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, தோட்டத்து லோரி ஓட்டினார். அந்த வீட்டில் பேசுவது முழுக்க அத்தையின் பொறுப்பு. மாமா கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் வேலியை இன்னும் உயர்த்தினார்கள். மறுநாள் காலை, பழகிய பாதையில் தாழப் பறந்து வந்த எங்காங், புதுக் கம்பியில் வந்து மோதியது. தகர டப்பாவைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு சத்தம். நான் ஓடிப் பார்த்தபோது புல்லில் கிடந்தது. இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ் அலகு பாதியில் பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அத்தை பழைய கைலி ஒன்றைப் போட்டு அதைச் சுற்றித் தூக்கினாள். பப்பாளித் துண்டு ஒன்றை வாயில் வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"பொழைக்காது புள்ள. தின்ன முடியாத குருவி எத்தன நாளக்கி இருக்கும்?" என்றார் மாமா.

நான் தரையில் விழுந்து அழுதேன். அதற்குள் அந்தப் பறவைக்கு மனத்துக்குள் கூடு கட்டி, கழுத்தில் மணியும் மாட்டியிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள், பறவையைப் பார்த்தாள். பிறகு தன் வாயில் கைவிட்டுப் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அத்தைக்கு முப்பது வயதிலேயே பல் எல்லாம் போய்விட்டிருந்தது. கோல சிலாங்கூர் கடைத்தெருவில் இருந்த ஒரு சீனர் கட்டிக் கொடுத்த பல் அது.

"ஏங்க, எனக்குப் பல்லு கட்டுனவரு இதுக்கு மூக்கு கட்ட மாட்டாரா?" என்றாள்.

மாமா அன்று சாமான் ஏற்ற டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. குருவிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று கேட்டில் சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று முணுமுணுத்தார். அத்தை அதற்குள் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் பறவை, பக்கத்தில் நான்.

கேட்டில் ஒரு மலாய்க் காவலர் நின்றார். ஆற்றோரத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர், இளவயது. லோரியைத் தட்டிப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார். கைலி மூட்டையைத் திறக்கச் சொன்னார். அத்தை திறந்ததும் எங்காங் கழுத்தை நீட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. தொண்டையிலிருந்து சிவப்பாக ஓர் அத்திப்பழம் வந்து அவருடைய பூட்சின் மேல் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. தோட்டத்திலிருந்து சாப்பாடு கடத்தியவர்களில் இத்தனை வெளிப்படையாகப் பிடிபட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலர் சிரிக்கவில்லை. குனிந்து பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று அத்தை சொல்லிக் கொடுத்தாள்.

"இது ஆம்பளையாம்டி. பொண்டாட்டிக்காரி மரப் பொந்துக்குள்ள முட்டையோட இருக்காளாம். பொந்த மண்ணு வச்சி அடச்சிக்கிட்டு, மூக்கு நொழையிற அளவு சந்து மட்டும் உட்டிருப்பாளாம். இது கொண்டாந்து ஊட்டுனாத்தான் அவளுக்குச் சாப்பாடாம்."

சொல்லிக்கொண்டே அத்தை கைலியை மறுபடி பறவையைச் சுற்றி மூடினாள். மாமா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்ப இன்னிக்கே கட்டிக்கிட்டு வந்துரணும்," என்றார். அவ்வளவு அவசரமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. காவலர் கேட்டைத் திறந்துவிட்டார். அன்று போல் மாமா லோரியை ஓட்டி நான் பார்த்ததும் இல்லை.

பல் கட்டுகிறவர் மெலிந்த மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. பறவையைக் கண்டதும் இரண்டு கைகளையும் ஆட்டினார். "நான் மனுசனுக்குத்தான் லா கட்டுறது," என்று மலாயில் சொன்னார்.

அத்தை விடவில்லை. "தவுக்கே, நீங்க கட்டுன பல்லால நான் முறுக்கு கடிக்கிறேன். இது பழந்தான கடிக்கப் போவுது?" என்றாள். அதற்கும் அவர் அசையவில்லை. பிறகு, மரத்துக்குள் அடைந்து கிடக்கும் பெட்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், தானாகவே எழுந்து இடம் கொடுத்தார்.

அத்தை உடம்பைப் பிடித்தாள், மாமா தலையைப் பிடித்தார், நான் கால்களைப் பிடித்தேன். பல் கட்டுகிறவர் பிளவின் ஓரங்களை ராவினார். இருபுறமும் மெல்லிய கம்பித் துண்டு வைத்தார். ஒரு பொடியையும், மூக்கைத் துளைக்கும் வாடை அடித்த ஒரு தண்ணீரையும் கலந்து குழைத்து, ஈர மண்ணை அப்புவதுபோல் அப்பினார். அது இறுகும்போது சுடுமாம். ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தார். இறுகியதும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். அவரிடம் இருந்தது ஈறு செய்கிற பொடி மட்டும்தான். அதனால் எங்காங்கின் மஞ்சள் அலகில் பாதி, எங்கள் அத்தையின் ஈறு நிறத்தில் அமைந்துவிட்டது.

கடைசியில் சாமி மாடத்தில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து, ஒரு துண்டு வெட்டி நீட்டினார். எங்காங் அவரை ஒரு கண்ணால் பார்த்தது. நுனி அலகால் கவ்வி, தலையை அண்ணாந்து, மேலே எறிந்து, லபக்கென்று விழுங்கியது. கன்னம் வீங்கியவர்கூட வலியை மறந்து கைதட்டினார். பல் கட்டுகிறவர் முழு வாழைப்பழத்தையும் துண்டு துண்டாக ஊட்டிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

திரும்பும் வழியில், தோட்டத்துக்குச் சற்று முன்னால், ஆற்றங்கரைக் காடு சாலையைத் தொடும் இடத்தில் மாமா லோரியை நிறுத்தினார். சாலையோரம் ஓர் அத்திமரம் காய்த்துக் குலுங்கியது. ஊரடங்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் வளக்கிறேன் அத்தை. நானே ஊட்டுறேன்," என்று கெஞ்சினேன்.

"வேணாம்டி கண்ணு. அவ பாத்துக்கிட்டு இருப்பா," என்று சொல்லி அத்தை கைலியைப் பிரித்தாள். எங்காங் லோரியின் முன்மூடியில் கொஞ்சம் நின்றது. பிறகு, புதுத் துணியை உதறுவதுபோல் இறக்கைச் சத்தம் கேட்க, அத்திமரத்துக்கும் அங்கிருந்து காட்டுக்கும் போய்விட்டது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட குருவி என்று வீடு வரும்வரை அழுதேன்.

பல வாரங்கள் கழித்து, ஒரு காலை பிரட்டு நேரத்தில் பப்பாளி மரத்தில் மூன்று எங்காங்குகள் வந்து உட்கார்ந்தன. ஒன்றுக்கு ஈறு நிற அலகு. ஒன்று பெட்டை. இன்னொன்று இன்னும் சரியாக உட்காரத் தெரியாத குஞ்சு. "நம்ம எங்காங்!" என்று நான் கத்தியதில் வரிசை கலைந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். கிராணி அன்று முதலிலிருந்து பேர் கூப்பிட வேண்டியதாயிற்று. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா, சுத்தமாக இருந்த லோரிக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு குருவிக் குடும்பத்துக்காகவா இவ்வளவு என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கல்யாணமாகி நான் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய சமயத்தில்தான் அம்மா சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் மாமாவை ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு தகவலும் இல்லை. இனி வரமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். தன்னோடு வந்துவிடச் சொல்லி, அப்போது வேறு தோட்டத்தில் இருந்த அப்பா எவ்வளவோ கூப்பிட்டிருக்கிறார். வந்தால் இந்தக் கதவைத்தானே தேடி வருவார் என்று அத்தை அந்த லயத்து வீட்டை விட்டு நகரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, சில நாள் அதுவும் இல்லாமல், உள்ளேயே இருந்திருக்கிறாள். ஒருநாள் எலும்பும் தோலுமாக மாமா வந்து அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் அழுததற்காகத்தான் இரண்டு பேரும் அன்று அத்தனை தூரம் போனார்கள் என்று நினைத்து, மறுநாள் இருவர் காலிலும் விழுந்து கும்பிட்டேன். என்னைத் தூக்கி நிறுத்தி நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.