காயவில்லை என்றார்கள்

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. யாராவது நிமிர்ந்து பார்த்துப் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் எங்கள் பேராசிரியர், குண்டாறு கடலில் சேரும் இடத்திலிருந்து சேறு எடுத்துவந்தார். நிழலில் காயவைத்து இடித்துத் தரச் சொன்னார். நாலு நாள் காயவைத்தேன். அதை ஆய்வகத்தில் இருக்கும் ஒரு கருவியில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, எடை எந்தச் சூட்டில் குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

நூறு டிகிரி தாண்டுமுன்பே கோடு சரிந்தது.

"இது காயவே இல்ல. ஈரத்தோட வச்சிருக்கீங்க" என்றார் பேராசிரியர். ஆய்வகப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதினார். மன்னிப்புக் கடிதமும் கேட்டார்.

"காஞ்சிருச்சு சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா, நம்ம என்ன கலெக்டரா?" என்றார் ஆபீஸ் கிளார்க்.

நான் எழுதவில்லை. அந்தச் சேற்றை இடித்தவள் நான். உலக்கைக்கு அது கொடுத்த சத்தம் எனக்குத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் எங்கள் கரிசல் கட்டியை உடைத்தால் அதே சத்தம்தான்.

குண்டாறு ஓடும் திருச்சுழிப் பக்கம் எங்கள் காட்டிலிருந்து கரிசலும், மேட்டிலிருந்து செம்மண்ணான செவலும் என் சோற்றுச் சம்படத்தில் தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டுபோனேன். கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னைக்கு மண்ணுதான் சோறா?"

இரண்டையும் ஒரே தட்டில் நாலு நாள் காயவைத்துப் பேராசிரியரிடம் நீட்டினேன். "ஓட்டிப் பாருங்க சார்" என்றேன். அவர் முகம் சுளித்தார். நான் நகரவில்லை. கடைசியில் ஓட்டினார்.

செவல் கோடு நேராகப் போனது; கரிசல் கோடு சேற்றைப் போலவே ஆரம்பத்திலேயே சரிந்தது.

"காஞ்சாலும் கரிசல் உள்ளுக்குள்ள தண்ணி வச்சிருக்கும் சார். எங்க மண்ணுதான் ஆத்தோட போயி அங்க சேந்திருக்கு."

இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ம்... சரிதான். நீங்க போங்கம்மா."

நான் போகவில்லை. பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"கவனக்குறைவுன்னு எழுதிருக்கீங்க. அத அடிச்சுட்டு, காஞ்சதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.